அரளி நின்ற தண்ணீர்

மாதேஸ்வரி தண்ணீர் பாட்டிலிலிருந்து அரளிக் குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து, வெள்ளை வேர் ஒடியாமல் மண் டப்பாக்களில் ஊன்றிக்கொண்டிருந்தாள். கை மண்ணில், கண் கடிகாரத்தில். ஒரு மணிக்குக் கம்பெனி பஸ்.

ஓசூரில் அந்த லைன் வீட்டுக்கு ஏஜென்சி அனுப்பி நான் நோயாளியைக் கவனித்துக்கொள்ளப் போனது 2006-இல். அவள் தளிப் பக்கத்துப் பெண். புருஷன் பரமசிவம் திருநெல்வேலிக்காரர். பர்கூர் அருகே கல் பட்டறையில் கிரானைட் பலகை சரிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர். ஒரே அறை. கட்டிலை ஒட்டிய ஜன்னலில் மணிபிளான்ட்டும் குரோட்டன்ஸும் காலி மினரல் வாட்டர் பாட்டில்களில் வேர்விட்டு நின்றன. அரளி மட்டும் வீட்டு ஓனர் கேட்டது. வேலிக்கு வைத்தால் ஆடு வாய் வைக்காதாம்.

குழாயில் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். அந்த வீட்டில் ஒரு சொட்டு வீணாகாது. அரளி நின்ற தண்ணீரையும் மூடிபோட்டு ஜன்னலிலேயே வைத்தாள், மற்ற செடிகளுக்கு ஊற்றலாமென்று. என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவள் பஸ் ஏறிப் போன பிறகு, இரண்டு மணிக்கு அவருக்கு மாத்திரை கொடுத்தேன். கைக்கெட்டிய பாட்டிலை எடுத்தேன்.

"கசக்குதும்மா."

"மாத்திரை கசக்காம இனிக்குமா? குடிங்க."

"உங்க கையால எதுதான் இனிச்சிருக்கு," என்று சொல்லிக் குடித்துவிட்டார்.

நான்கு மணிக்கு வாந்தி. நாடியைப் பிடித்தேன். நிமிடத்துக்கு நாற்பத்து நான்கு, அதுவும் விட்டுவிட்டு. பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் ஒரு அரளி இலைத் துணுக்கு.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கம்பெனி கேட்டுக்குப் போன் செய்தேன். யூனிஃபார்மோடு ஓடிவந்தவளிடம் வாசலிலேயே நடந்ததைச் சொன்னேன். அவள் என்னைத் தாண்டி உள்ளே போனாள்.

"காலையிலதான் எதுவும் சொல்ல முடியும்," என்றார் டாக்டர். "தண்ணி குடுத்தது யாரு?"

"நான்தானுங்க," என்றாள் மாதேஸ்வரி, நான் வாய் திறப்பதற்குள்.

வைத்தியத்துக்கு நேரம் முக்கியம். குடித்தது இரண்டு மணிக்கு என்று சொன்னேன். டாக்டர் அவளுடைய யூனிஃபார்மைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவள் சொன்னபடியே எழுதிக்கொண்டார்.

வராந்தாவில் கேட்டேன். "எதுக்குப் பொய் சொன்ன?"

"உங்கள ஏஜென்சியில நிறுத்திட்டா இவர யாருங்க திருப்பிப் படுக்க வெப்பா? முதுகுல மறுபடி புண்ணு வரும். எனக்கு லீவு கெடையாது."

மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. நானும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

விடிந்தபோது நாடி ஐம்பத்தாறு. பிழைத்துவிட்டார். கண் திறந்து, "இதுலயும் உசுரு போகலையா," என்றார். அவள் ஈரத்துணியால் அவர் உதட்டைத் துடைத்தாள். அதற்குமேல் எங்களை உள்ளே நிற்க விடவில்லை.

அன்று குழாய் முறை. ஆறரைக்கு வீட்டுக்கு வந்து குடங்களை நிரப்பினாள். பிறகு டப்பாக்களைக் கவிழ்த்து அரளிக் குச்சிகளை உதறியெடுத்தாள். அடுப்பில் போடப் போனவளைத் தடுத்தேன். அந்தப் புகையும் ஆகாது. பின்பக்கம் முழ ஆழம் தோண்டிப் புதைத்தோம். ஜன்னலில் இருந்த செடி பாட்டில்களை அவள் வெளியே கொண்டுபோய் வைத்தாள். குடிக்கிற தண்ணீரை நான் சொம்பில் ஊற்றி மூடினேன்.