தம்பியின் கணக்கைப் பார்க்கப் போகிறவள்

இன்னாசிராஜ் ஊரைவிட்டுப் போனது ஒரு விபூதிப் புதன்கிழமை. காலைப் பூசையில் சாமியார் பூசிய சாம்பல் அவன் நெற்றியில் அப்படியே இருந்தது. கோவில்பட்டி ஸ்டேஷனில், பருத்திப் பொதிகளுக்கு நடுவே நின்று, அக்கா மிக்கேலம்மாள் அவனை ஏசிக்கொண்டிருந்தாள்.

தாயில்லாத பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். கயத்தாற்றில் பெண் பேசி வெற்றிலையும் மாற்றியாகிவிட்டது. அவனோ பருத்திக் கமிஷன் கடையை மூடிவிட்டு, பம்பாய் மில்லில் பஞ்சு தரம் பார்க்கும் வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

“கயத்தாத்துக்காரங்க முன்னால நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்? இனிமே ஒன் கடுதாசி என் வாசப்படி ஏறக் கூடாதுலே. ஏறுச்சுன்னா நேரா அடுப்புதான்.”

“சரிக்கா.”

வண்டி ஊதியபோது அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான்.

“இது கடுதாசி இல்லக்கா. என் வருமான வரிக் கணக்கு திருநவேலி ஆபீஸ்ல இருக்கு. அத நீ பாக்கலாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். அங்கயும் ஒண்ணு குடுத்தாச்சு. எனக்கு வேற யாரு இருக்கா?”

“நான் போயி வரிக்காரங்கிட்ட நிக்கணுமாக்கும்!” என்றவள், தாளை வாங்கி மடியில் முடிந்துகொண்டாள்.

தம்பி சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். கிறிஸ்மஸ் வந்தது, ஈஸ்டர் வந்தது, கடிதம் வரவில்லை. தபால்காரர் சைக்கிள் மணி தெருவில் கேட்டு, நெருங்கி, கடந்து போகும். அதுவரை அவள் கை உரலுக்குள் அப்படியே நின்றுவிடும்.

ஆடி மாதம் ஒரு நாள் கோவில் சேலையை உடுத்திக்கொண்டு அந்தத் தாளோடு பஸ் ஏறினாள். பருத்திமார்ச் செடிகளைப் பிடுங்கிய கரிசல் நிலம் வெடித்துக் கிடந்தது. இடைசெவல் தாண்டியதும் காற்று பஸ்ஸைத் தோளில் இடித்தது. புழுதிக்குள் சின்னப் பையன் ஒருவன் பஸ்ஸோடு கூடவே ஓடிவருவதுபோல் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் வெறும் கரிசல்தான்.

ஆபீஸ் மாடியில் இருந்தது. குமாஸ்தா சுந்தரபாண்டி அவள் தாளையும் தன் தாளையும் ஒத்துப் பார்த்துவிட்டுக் கோப்பை விரித்தார்.

“எல்லாம் இங்கிலீஷ்லம்மா. எவ்வளவு சம்பாத்தியம்னு வாசிக்கட்டுமா?”

“அது எனக்கெதுக்கு? அவன் கையெழுத்தக் காட்டுங்க.”

பம்பாயிலிருந்து அந்த வருடத்துக்கு வந்த தாளின் அடியில், தமிழில், அவன் பெயர். மணலில் அவன் விரலைப் பிடித்து அவள் எழுதப் பழக்கிய அதே ‘இ’. சுழி நடுங்காமல் இருந்தது. பிள்ளை நன்றாகத்தான் சாப்பிடுகிறான்.

“விலாசம் இருக்கு. எழுதித் தரட்டா?”

“கடுதாசிதான் வேண்டாம்னு சொல்லிட்டேனே.”

சுந்தரபாண்டி சிரித்தார். “பம்பாய் போனவரு கோப்பையும் அங்கயே மாத்திக்கிடலாம். ஏனோ மாத்தல.”

அதிலிருந்து வருடா வருடம் ஆடிக்காற்றில் அவள் போய்வந்தாள். அடுத்த வீட்டு ஆவுடைத்தாய்க்கு அது நல்ல வேடிக்கை. “ஏட்டி மிக்கேலு, தம்பியக் காயிதக் கட்டுக்குள்ள முடிஞ்சு வச்சிருக்காவளாம், அவுத்துப் பாக்கப் போறியோ?” கணவர் கிறிஸ்துராஜ் மட்டும் விடாமல் கேட்பார்: “எவ்வளவுதான் சம்பாதிக்கான் ஒன் தம்பி?”

“நான் பாக்கல.”

“பாக்கத்தான போன?”

“பாக்கப் போனதத்தான் பாத்தேன்,” என்பாள் அவள். அவருக்கு விளங்கியதே இல்லை.

கோப்பு தடித்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு தாளும் அவளுக்கு மழை பொய்க்காத ஒரு வருடம். ஒரு வருடம் ‘இ’ கொஞ்சம் சாய்ந்திருந்தது. காய்ச்சலோ என்று கோவில் குகையிலிருக்கும் கெபி மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். இன்னொரு வருடம் சுழி விரிந்து சிரித்தது. கல்யாணம் முடித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்குக் கோபமும் வந்தது, பாயசமும் வைத்தாள்.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதற்கு மறு வருடம், ஆடியில் அவள் முழங்காலைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறினாள். கோப்பில் புதுத் தாள் இல்லை.

“இன்னும் வரலம்மா,” என்றார் சுந்தரபாண்டி.

“வராம இருக்காது. நல்லாப் பாருங்க.”

அவர் அவளுக்காக இரண்டாம் முறையும் புரட்டினார். பழைய தாள்கள் காற்றில் படபடத்தன.

“அந்த விலாசத்தக் குடுங்க,” என்றாள் கடைசியில்.

ஒரு கார்டில், “தம்பி, கடுதாசி போடு. அடுப்பில் போடமாட்டேன்” என்று எழுதிப் போட்டாள். மழை தொடங்கி, கரிசல் குழைந்து, பருத்தி முளைவிட்ட நாளில், அப்படி ஒருவர் அங்கே இல்லை என்று முத்திரை குத்தி அந்தக் கார்டு அவளிடமே திரும்பி வந்தது. அந்தக் கிறிஸ்மஸுக்கு அவள் வீட்டில் பலகாரம் சுடவில்லை. வயலில் களை எடுக்கும்போது, புழுதி இல்லாத ஈரத்தில்கூட, அந்தச் சின்னப் பையன் ஓடுவது தெரிந்தது. கூப்பிட்டால் திரும்பவில்லை.

பருத்தி வெடித்த பிறகு, சைக்கிள் மணி நெருங்கி, இந்தத் தடவை நின்றது. சுந்தரபாண்டி எழுதிய கார்டு:

“அம்மாவுக்கு வணக்கம். தம்பியின் தாள் நேற்று வந்தது. நெடுநாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுப் பிள்ளைகளோடு வேறு வீடு மாறியதால் தாமதம் என்று எழுதியிருக்கிறார். புது விலாசமும் இருக்கிறது. ஆபீசருக்கு அவர் எழுதியதில் கடைசிப் பகுதி உங்களைப் பற்றியது. அதை அப்படியே எழுதுகிறேன்: ‘இந்தக் கணக்கைப் பார்க்க என் அக்கா வருவார். அவருக்கு வயதாகிவிட்டது. தயவுசெய்து கோப்பைக் கீழே கொண்டுவந்து காட்டவும்.’ கீழே வாசலருகே ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன். ஆடிவரை காத்திருக்க வேண்டாம், வாருங்கள்.”