கில்ட்டுக்குள் அம்மா தைத்த உள்பை

அண்ணை, உங்களுடைய பெயரை இதில் எழுத வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். எழுதினால் நீங்கள் இல்லை என்பது உண்மையாகிவிடுமாம். அதனால் எப்போதும் கூப்பிட்ட மாதிரியே கூப்பிடுகிறேன். அண்ணை. அண்ணை, கேட்கிறதா?

நான் அதிகம் படித்தவள் இல்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பள்ளிக்கூடம் பாதியில் போனது. இங்கே டென்மார்க்கில், ஹோர்சன்ஸில் ஒரு கிட்டங்கியில் பெட்டி கட்டுகிறேன். பிழை இருந்தால் வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணைக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு, மூச்சு இழுக்கிற வருத்தம். வாயில் வைத்து அடிக்கிற நீலப் பம்ப் இல்லாமல் குப்பை கொட்டக்கூட வெளியே போகமாட்டார். அப்படிப்பட்டவர் பாண்ட் வாத்தியத்தில் சேர்ந்தார். அவரோடு தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு பெரிய உருவமான டேனிஷ்காரர்தான் கூட்டிக்கொண்டு போனவர். ஸ்கொட்லாந்துக்காரர் மாதிரிக் கில்ட் கட்டி, பைப் ஊதி, டிரம் அடித்துக்கொண்டு தெருவில் போகிற குழு அது.

"ஊதத்தான் எனக்குக் காத்தில்லை. அடிக்கக் கையிருக்குத்தானே" என்றார் அண்ணை.

கில்ட்டைக் கட்டிக்கொண்டு அவர் முதல்முதல் அறையை விட்டு வெளியே வந்தபோது அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எட, சொந்தக்காரரின்ரை கலியாணத்துக்கு வேட்டி கட்டடா எண்டா வெக்கமாம். உந்தக் கட்டம்போட்ட பாவாடையெண்டா ரோட்டில ஆட்டிக்கொண்டு போவியோ?"

"அம்மா, இது ஆம்பிளையளின்ரை உடுப்பு. சண்டைக்குப் போனவங்கள் கட்டினது."

"பொக்கற் இல்லாதது எல்லாம் பாவாடைதான்."

"பொக்கற்றுக்குத்தான் இது கிடக்கே" என்று முன்னால் சங்கிலியில் தொங்கிய தோல் பையைத் தட்டிக் காட்டினார்.

"வேட்டியெண்டா மடியில செருகலாம். உனக்கு வயித்தில சூட்கேஸ்" என்றேன் நான். தலையில் ஒரு குட்டு விழுந்தது.

அந்தப் பை சின்னது. அண்ணையிடம் இருந்த சாமான்களோ பெரிய தொகை. வீடு பூட்டுகிற திறப்பு, போன், பஸ் கார்ட், காதுக்கு வைக்கிற பஞ்சு, டொபி, மூக்குத் துடைக்கிற கடதாசி, கையில் கொப்புளம் வந்தால் ஒட்டுகிற பிளாஸ்டர். எல்லாவற்றுக்கும் அடியில் பம்ப். டிரம் இடிக்காமல் இருக்கப் பையை இடுப்புப் பக்கம் தள்ளிவிட்டுத்தான் நடப்பார்.

கோடையில் ஒருநாள் நானும் அம்மாவும் ஊர்வலம் பார்க்கப் போனோம். முடிந்த பிறகு அண்ணைக்கு இழுக்கத் தொடங்கியது. பைக்குள் கையை விட்டார். திறப்பு சங்கிலியில் கொழுவிக்கொண்டது. டொபிகள் தெருவில் கொட்டின. ஒரு குழந்தை ஓடிவந்து அவற்றைப் பொறுக்கிச் சிரித்தது. பம்ப் கைக்கு வரும்வரை அண்ணையின் நெஞ்சு விசிலடித்ததை அம்மா பார்த்துக்கொண்டே நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஊசியை எடுத்தார். எங்கள் பெண்கள் பாவாடைக்குள் ஒரு பை வைத்துத் தைப்பார்கள். பயணம் போகும்போது காசும் நகையும் அதற்குள்தான். சண்டைக் காலத்தில் எத்தனையோ இடத்தில் ஆமிக்காரர் அம்மாவைச் சோதித்தார்கள். அந்தப் பையை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. தாலிக்கொடி அதில்தான் டென்மார்க் வரைக்கும் வந்தது. அதே மாதிரி ஒரு பையை அம்மா கில்ட்டின் இடுப்புப் பட்டிக்குக் கீழே, இரண்டு சுற்றுத் துணிக்கும் நடுவில் வைத்துத் தைத்தார். சரியாக வயிற்றுக்கு நேரே. ஒரு பம்ப் மட்டும் நுழைகிற அளவு.

"இதுக்குள்ள வேற ஒண்டும் வைக்கக் கூடாது. கையை விட்டவுடன பம்ப் வரவேணும், விளங்கிச்சே?"

"ஓம் அம்மா. ஆனா ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதையுங்கோ. பாவாடைப் பையெண்டு தெரிஞ்சா என்னை வைச்சு விளையாடிப் போடுவாங்கள்."

"உள்பை வைச்சிருக்கிறதை ஆரும் ஊருக்குச் சொல்லுறதே? ஒளிக்கத்தானே உள்பை."

அண்ணை ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்தப் பையால் பிறகு அவருக்கு ஒரு கரைச்சலும் இருக்கவில்லை. சட்டென்று கையை விடுவார், திரும்பி நின்று பம்பை அடிப்பார், மறுபடி டிரம்மைத் தூக்குவார். அம்மாவுக்குப் பெருமை.

இந்த இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, ஊர்வலத்தின் நடுவில் அண்ணை விழுந்தார். முட்டு அப்படி வந்தது அதற்கு முன் ஒருநாளும் இல்லை. பேச்சு வரவில்லை. அம்புலன்ஸ் வந்தது. வைத்தியசாலைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

உடுப்புகளை ஒரு பையில் போட்டுத் தந்தார்கள். அம்மா அழவில்லை. அந்தப் பையை மடியில் வைத்துக் கில்ட்டை விரித்து, நேரே அந்த இடத்துக்குள் கையை விட்டார். பம்ப் இருந்தது. மூடி கழற்றாமல், மருந்து நிறைய. அம்மா அதைக் குலுக்கிப் பார்த்தார். அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

பம்ப் அடித்திருந்தாலும் தாங்கியிருப்பாரோ தெரியாது என்று டொக்டர் சொன்னார். அம்மாவுக்கு அது ஏறவில்லை. சாப்பாட்டை வைத்தால் அப்படியே இருக்கும். "ஏன் எடுக்கேல்லை? கையை விட்டா வந்திருக்குமே. ஏனடி எடுக்கேல்லை?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பார். அம்மாவும் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம். அவர் மூச்சு விடுகிறாரா என்று மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பேன்.

செத்தவீடு முடிந்த பிறகு அந்த டேனிஷ்காரர் வீட்டுக்கு வந்தார். அவ்வளவு பெரிய மனிதர் எங்கள் கதிரையின் நுனியில் ஒடுங்கி இருந்தார். பேசத் தொடங்கும் முன்பே அழுதார். அம்மா என்னைப் பார்த்தார். நான் தமிழில் சொல்லத் தொடங்கினேன்.

அண்ணைக்கு முட்டு இருப்பது அவருக்குத் தெரியும். பம்ப் தோல் பைக்குள் இருக்கும் என்று நினைத்தாராம். திறந்து தேடி, கிடைக்காமல், எல்லாவற்றையும் தெருவில் கொட்டினாராம். திறப்பு, டொபி, பிளாஸ்டர் எல்லாம் இருந்தனவாம். பம்ப் மட்டும் இல்லையாம். அன்றைக்கு மறந்துவிட்டு வந்துவிட்டார் என்று நினைத்தாராம்.

பிறகு அவர் இன்னொன்று சொன்னார். அண்ணை திரும்பத் திரும்பத் தன் வயிற்றைப் பிடித்தாராம். கில்ட்டுக்குள் கையை விடப் பார்த்தாராம். வயிறு நோகிறதாக்கும் என்று நினைத்து, "பயப்படாதே" என்று அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்திருந்தாராம். கடைசிவரை விடவில்லையாம்.

இதை எப்படி அம்மாவிடம் சொல்வது?

"என்னவாம்?" என்று அம்மா கேட்டார்.

"அண்ணையின்ரை கையைக் கடைசிவரைக்கும் பிடிச்சுக்கொண்டு இருந்தவராம்" என்றேன். அவ்வளவும்தான் சொன்னேன்.

ஆனால் அம்மா எத்தனையோ வருடமாக வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறவர். என்னுடைய டேனிஷ் பெட்டிகளோடு பழகிய டேனிஷ். நோவு, கை, வயிறு, மூச்சு என்பவை அம்மா ஒவ்வொரு நாளும் காதால் கேட்கிற சொற்கள். நான் சொல்ல முன்பே அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது.

அவர் எழும்பினார். பம்ப் எங்கே இருந்தது என்று இந்த மனிதரிடம் சொல்லப் போகிறார், கில்ட்டைக் கொண்டுவந்து காட்டப் போகிறார் என்று நினைத்தேன். அம்மா குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். அதை அவர் முன்னால் வைத்துவிட்டு, அவருடைய கையைத் தொட்டு, தன் உடைந்த டேனிஷில் சொன்னார்: "நீ கை பிடித்தாய். நல்லது. நன்றி."

அவர் விம்மிக்கொண்டே குடித்தார். கதவு சாத்தும்வரை அம்மா அசையவில்லை.

பிறகுதான் நிலத்தில் விழுந்தார். தன் வயிற்றில் தானே அடித்தார். "காட்டினவனடி, என்ரை பிள்ளை இடத்தைக் காட்டினவனடி! நான் ஒளிச்சுத் தைச்சுப் போட்டன். ஆமிக்காரனுக்கு ஒளிக்கிற மாதிரித் தைச்சுப் போட்டன்." நான் அவருடைய கைகளைப் பிடித்தேன். அந்த மனிதரும் இப்படித்தானே பிடித்திருப்பார் என்று நினைவு வந்தது. உடனே விட்டுவிட்டேன். விடவும் முடியவில்லை. மறுபடி பிடித்தேன்.

"அவனுக்குச் சொல்லிப் போடாதை பிள்ளை" என்றார் அம்மா கொஞ்ச நேரத்தில். "அவனுக்கும் தாய் இருப்பா."

அன்றிலிருந்து அம்மா சாமிப் படத்துக்கு விளக்கு வைப்பதில்லை. நான் வைத்துப் பார்த்தேன். கும்பிடக் கையெடுத்தால் அண்ணையின் கை வயிற்றுக்குப் போவதுதான் தெரிகிறது. ஒரு தேவாரமும் வாயில் வரவில்லை. எங்கள் வீட்டில் இப்போது அவருக்காகக் கும்பிட ஆள் இல்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். கோயிலுக்குப் போகிறவர்கள் கோயிலில், சேர்ச்சுக்குப் போகிறவர்கள் சேர்ச்சில், ஒன்றுக்கும் போகாதவர்கள் இருந்த இடத்தில், என் அண்ணைக்காக ஒருதரம் கேளுங்கள். அவர் இருக்கிற இடத்தில் அவருக்கு நெஞ்சு இழுக்கக் கூடாது. இரவு பகல் மூச்சு லேசாக வந்து போகவேண்டும். தயவுசெய்து எல்லோரும் கேளுங்கள்.