பெரிய பம்ப் வாங்கப் போனேன்

என் கணவர் குவைத்தில் ஒரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் பாதுகாப்பு அதிகாரி. எல்லோரையும் மெதுவாகப் போகச் சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவர், ஒரு பழைய ஜப்பான் டர்போ காரை வாங்கிவந்தார். ஃபஹாஹீல் சாலையில் அதை எண்பதுக்கு மேல் ஓட்டியதில்லை. ஸ்கூல் வேன்கள் எங்களை முந்திப் போகும். ஆனாலும் அந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை, பெரிய ஃப்யூயல் பம்ப் மாட்டினால்தான் அதன் முழு பலம் தெரியும் என்று சாப்பிடும்போதெல்லாம் விளக்குவார். ரசத்தில் ஆரம்பித்தால் மோரிலும் முடியாது.

ஷுவைக் பகுதியில் ஒரு உதிரிபாகக் கடையில் அந்த பம்ப் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டார். அவருக்கோ டியூட்டி, லீவ் கிடைக்கவில்லை. யாராவது வாங்கிவிடுவார்கள் என்ற பயத்தில் என்னைப் போகச் சொன்னார். டாக்ஸி பிடித்துப் போனேன்.

மலையாளிக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் சீட் கவர் இருக்கும் பக்கம் கைகாட்டினார். நான் பம்பைக் கேட்டேன். பழைய வயரில் அதற்குக் கரண்ட் போதாது, தனி ரிலேயும் வேண்டும் என்றேன். பக்கத்தில் நின்ற குவைத்தி இளைஞர் திரும்பிப் பார்த்து, தன் வண்டிக்கு எது சரிப்படும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். வீட்டில் காதில் விழுந்ததை அப்படியே ஒப்பித்தேன். அவருடைய நண்பரும் கேட்டார். இருவரும் வாங்கினார்கள். கடைக்காரர் எனக்கு நாற்காலி போட்டு, பால் சேர்க்காத சுலைமானி டீ வரவழைத்தார்.

வீட்டில் இதைச் சொன்னதும் கணவர் பெட்டியைப் பிரிப்பதை நிறுத்தினார்.

"உங்கிட்டயா கேட்டாங்க?"

"நான்தானே அங்க நின்னேன்."

அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பற்றிச் சொன்னாயா என்றார். சொல்லவில்லை. பெரிய பம்ப் தள்ளுகிற பெட்ரோலைப் பழைய ரெகுலேட்டர் சமாளிக்காதே என்று பதறினார். அடுத்த லீவுக்கு அந்த இளைஞர்களைத் தேடிப் பிடித்துத் திருத்த அவரே கடைக்குப் போனார்.

அவர்கள் அங்கே இல்லை. தான் யாரென்று சொன்னதும் கடைக்காரர் வாசலை எட்டிப் பார்த்து, "மேடம் வந்நில்லே?" என்று கேட்டாராம். பிறகு, மேடத்தின் வீட்டுக்காரர் என்பதற்காக ரெகுலேட்டரில் தள்ளுபடியும் கொடுத்திருக்கிறார்.

அதை மேசைமேல் வைத்துவிட்டு பில்லை இரண்டு தடவை படித்தார்.

"அடுத்த தடவை நீயும் வா," என்றார் கடைசியில். "சும்மா பக்கத்துல நின்னா போதும். பேச வேண்டாம்."