மூன்று மணி நேரக் கொழும்பு

சௌக்கத் அலி பாய் தண்டையார்பேட்டைத் தோல் கிடங்கில் மூட்டை கட்டுபவர். நான் அங்கே குமாஸ்தா; அவர் தெருவில்தான் எனக்கும் வீடு. பாய்க்கு மனைவி இல்லை. ஒரே மகள் ஜீனத்தைக் கொழும்பில் கட்டிக்கொடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ரயிலும் கப்பலுமாகப் போய்வர லீவு யார் கொடுப்பார்கள்?

"கோதண்டம், ஏரோப்ளேன்ல போனா எம்மா நேரம்?" என்று மாதம் ஒருமுறையாவது கேட்பார்.

"நானூத்திச் சொச்சம் மைல் பாய். மூணு மணி நேரம்."

"அவ்ளோதானா! எண்ணூருக்கு நடந்து போறதுக்குள்ள பூடலாம் நைனா!"

அந்த மூன்று மணி நேரத்தை நம்பித்தான் அந்த மனுஷன் தனி ஆளாகச் சோறு பொங்கித் தின்றுகொண்டிருந்தார்.

அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. தெருவில் ஆண்கள் யார் இறந்தாலும் மய்யித்தைக் குளிப்பாட்டுவது அவர்தான். காசு வாங்கமாட்டார். ஆனால் அடக்கத்தைத் தள்ளிப்போட மட்டும் விடவேமாட்டார். பாயின் பக்கத்து வீட்டு ரஷீதின் அப்பா இறந்தபோது ரஷீது பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருந்தான். "மய்யித்த காக்க வெக்கக் கூடாது" என்று ஒரே பிடிவாதம். பிள்ளை வந்து பார்த்தது ஈர மண்ணைத்தான். அன்று பாய்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

1948 மார்ச்சில் ஒரு காலை மருமகனிடமிருந்து தந்தி வந்தது. பிரசவத்தில் ஜீனத் போய்விட்டாள். இன்றைய விமானத்தில் வருகிறீர்களா, முகம் காட்ட வைத்திருக்கட்டுமா என்று கேட்டிருந்தார்.

விமானம் இரண்டு மணிக்கு. ரஷீதுதான் ஓடிப்போய் டிக்கெட்டுக்குச் சொல்லிவிட்டு, டாக்சியோடு வந்து நின்றான்.

"வாங்க மாமு, சாயங்காலத்துக்குள்ள மூஞ்சியப் பாத்துடலாம்."

பாய் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்தார். ரஷீதைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஒனக்கு ஒரு நாயம், எனக்கு ஒரு நாயமா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "காத்துகினு இருக்க வேணாம்னு தந்தி குடு நைனா" என்றார்.

"பேஜாரு பண்ணாதீங்க பாய்! பெத்த பொண்ணு!" என்று கத்தினேன். "நான் எப்பவோ மறந்துட்டேன் மாமு" என்று ரஷீது அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினான். மனுஷன் அசையவில்லை. படுபாவி நான், போய்ச் சாதாரணத் தந்தியாகக் கொடுத்துவிட்டு வந்தேன். அவசரத் தந்தி என்று எழுத எனக்குப் புத்தி வரவில்லை.

பத்து நாள் கழித்து மருமகனின் கடிதம் வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். தந்தி இரவு எட்டு மணிக்குத்தான் அவர் கைக்குப் போயிருக்கிறது. பதில் இல்லாததால் மாமனார் வந்துவிடுவார் என்று நினைத்து, விமான நிலையத்துக்கு ஓடி, இறங்கிய ஒவ்வொருவரையும் பார்த்திருக்கிறார். வீட்டில் ஏழு மணிவரை ஜீனத்தின் முகத்தை மூடாமல் வைத்திருந்தார்களாம்.

"ஏழு மணி வரிக்குமா?"

"ஆமா பாய்."

"மூஞ்சிய மூடாமயா?"

"ஆமா."

பாய் தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"காக்க வெச்சிட்டேனே கோதண்டம், போவாமயே எம்புள்ளயக் காக்க வெச்சிட்டேனே!"