வீட்டுக்காரம்மாவுக்கு மட்டும் தெரிந்த வெந்நீர்த் தொட்டி

அமெரிக்காவின் யங்ஸ்டவுனில் ஒரு சிறிய கடன் சங்கத்தில் பெர்னடீன் ஹ்ருஷ்கா வேலை பார்த்தாள். ஒருவர் வாங்கிய கடன், வைத்த பாக்கி எல்லாவற்றையும் காட்டுவது கடன் அறிக்கை. யாருடைய அறிக்கையை யார் எடுக்கச் சொன்னாலும் அவள் வாயில் முதலில் வருவது ஒரே சொல்: "காரணம்?" கடன் கொடுக்க, வீடு வாடகைக்கு விட, வேலைக்கு எடுக்க என்று சட்டம் சில காரணங்களை ஒப்புக்கொள்கிறது. மற்றதெல்லாம் வம்பு என்பது அவள் கட்சி. மைத்துனனின் அறிக்கையை எட்டிப்பார்க்க வந்த மேலாளரே அந்த ஒரு சொல்லைக் கேட்டு, காபிக் கோப்பையோடு வந்த வழியே திரும்பிப் போனார்.

அறுபது வயதுக்கு மேல் அவளுக்கு இரண்டாம் கல்யாண யோகம் வந்தது. லியோனார்ட் சபோல் மனைவியை இழந்தவர். வெள்ளிக்கிழமைகளில் தேவாலயத்தில் விற்கும் பியரோகி என்ற கொழுக்கட்டைக்கு உருளைக்கிழங்கு மசிப்பவர்.

தங்கை தெல்மாவுக்கு அது போதவில்லை.

"அக்கா, கம்ப்யூட்டர் உன் கையிலதானே இருக்கு. அந்த ஆளோட அறிக்கைய ஒரு தட்டு தட்டிப் பாரேன்."

"காரணம்?"

"கல்யாணம்!"

"அது பட்டியல்ல இல்லடி."

"கார் வாங்கக் கடன் கேக்கறவனப் பாக்கலாம், கட்டிக்கப்போறவனப் பாக்கக் கூடாதா? நல்லா இருக்கு உன் சட்டம்!"

தெல்மா பயந்ததில் நியாயம் இருந்தது. பெர்னடீனின் முதல் கணவர் கடனில் படகு வாங்கியிருந்தது, அதைப் பறிமுதல் செய்ய ஆள் வந்த அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. எதையாவது ஒளிக்கிற ஆளை இன்னொரு முறை கட்டுவதில்லை என்று அன்றே முடிவு செய்திருந்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் லியோனார்ட் வீட்டில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தது. அவள் வீட்டு மாடியை வாடகைக்குக் கேட்டார். பெர்னடீன் முறைப்படி விண்ணப்பம் கொடுத்தாள், அவர் கையெழுத்துப் போட்டார், அறிக்கை வந்தது. எல்லாம் சுத்தம், ஒன்றைத் தவிர: வெந்நீர்த் தொட்டிக் கடை ஒன்றுக்குக் கட்டாத பாக்கி. நாலு பேர் சாய்ந்து உட்கார்ந்து குளிக்கிற தொட்டி!

வீட்டுக்காரம்மா என்ற முறையில் அவள் யோசித்து மாடியைக் கொடுத்துவிட்டாள். ஆனால் வாடகைக்காக எடுத்ததை வாடகைக்குத்தான் பயன்படுத்தலாம். ஆகவே கல்யாணப்பெண்ணுக்கு அந்தத் தொட்டி தெரியாது. தெரியாத தொட்டியில் லியோனார்ட் யாரோடு உட்கார்ந்திருந்தார் என்று யோசித்து யோசித்து அவள் உறக்கம் கெட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கீழே காபிக்கு வருவார். அவளும் வால்நட் வைத்துச் சுருட்டிய ரொட்டியை நறுக்கியபடியே தூண்டில் போடுவாள்.

"இன்னிக்கு என்னமா குளிருது, இல்ல?"

"ஆமாங்க."

"இந்தக் குளிர்ல சுடுதண்ணில உக்காந்தா எப்படி இருக்கும்!"

"சூப் குடிச்சாலே போதுங்க," என்பார் லியோனார்ட்.

பனி உருகிய பிறகு ஒரு ஞாயிறு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பெர்னடீன், கல்யாணத்துக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். எனக்கு ஒரு பழைய கடன்..."

"அந்த வெந்நீர்த் தொட்டியா?"

கத்தி தட்டில் விழுந்தது. அத்தனை வருட வேலையில் அவள் வாய் தவறியது அதுவே முதல் தடவை.

லியோனார்ட் அவளையே பார்த்தார். "நான் இன்னும் சொல்லவே இல்லையே. இப்ப கேட்டது பெர்னடீனா, வீட்டுக்காரம்மாவா?"

"வீட்டுக்காரம்மா," என்றாள் ஈனக் குரலில்.

"அப்ப வீட்டுக்காரம்மாகிட்ட சொல்றேன். முன்னாடி என்கிட்ட ஒரு நாய் இருந்துச்சு, அதுக்கு மூட்டுவலி. டாக்டர் வெந்நீர் நல்லதுன்னார். நானும் அதுவும் எதிரெதிரே உக்காந்திருப்போம். ஒரு மாசத்துல தொட்டி ஒழுக ஆரம்பிச்சிடுச்சு. கடைக்காரன் வந்து பாக்கவே இல்ல, மீதிய நான் கட்டல. பெர்னடீன்கிட்ட நீங்க வாய தொறக்காதீங்க. அடுத்த ஞாயிறு நானே சொல்லிக்கிறேன்."

மறு ஞாயிறு அவர் நாயின் பெயரிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். பெர்னடீன் கன்னத்தில் கை வைத்து, "அய்யோ, அப்படியா!" என்று வியந்து வியந்து கேட்டாள். தொட்டி ஒழுகும் இடத்தில் மட்டும், அவர் சொல்வதற்குச் சற்று முன்பே வியந்துவிட்டாள்.

லியோனார்ட் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஜூனில் கல்யாணம்.