ஆறடிக் கட்டில்

எங்கள் வீட்டில் பிள்ளை என்றால் அது நான்தான். என் பெயர் பள்ளிக்கூடத்தில் வரவு குறிக்கும் இடாப்புக்கு மட்டுமே தேவைப்பட்டது. பிள்ளை சாப்பிட்டதோ, பிள்ளை நித்திரையோ என்று ஆறு வயதுவரை வீடு முழுக்க என் கதைதான். படுக்கையிலும் ராஜமரியாதை. ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் அப்பா, நடுவில் நான். தலை அம்மாவின் கையில் இருக்கும், கால் அப்பாவின் வயிற்றில் கிடக்கும்.

பிறகு தம்பி பிறந்தான். பிள்ளைப்பேற்றுத் தீட்டான துடக்குக் கழியும் முப்பத்தொரு நாளும் அவனும் அம்மாவும் பக்கத்து அறையில் இருந்தார்கள். விருந்துக்கு வந்தவன் போய்விடுவான் என்றே நான் நினைத்திருந்தேன்.

துடக்குக் கழிந்த மறுநாள் மத்தியானம் நான் முற்றத்தில் மண்சோறு ஆக்கிக்கொண்டிருந்தேன். பெரிய கட்டிலில் இருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"பிள்ளையை இஞ்சை கொண்டு வாங்கோ. நடுவிலை கிடத்துவம்."

முப்பத்தொரு நாள் காத்திருந்த அழைப்பு. கையும் காலும் மண்ணாக ஓடிப்போய்க் கட்டிலின் நடுவில் விழுந்தேன். வாசலில் அப்பா தம்பியை ஏந்தியபடி திகைத்து நின்றார்.

"ஐயோ, நீயில்லையடி, சின்னப் பிள்ளை! நீ இப்ப அக்காவெல்லே. உன்ரை கால் பட்டால் அவன் தாங்குவானே?" என்றாள் அம்மா.

அக்கா என்றால் கட்டிலை விட்டு இறக்கப்பட்டவள் என்று அப்போதுதான் அறிந்தேன். "அப்ப நான் பிள்ளை இல்லையோ?" என்று கேட்டுவிட்டு, ஊரே கேட்க அழுதேன். சிரிக்கத் தொடங்கிய அம்மாவுக்கும் கண் கலங்கிவிட்டது.

அடுத்த நாள் அப்பா என்னைச் சைக்கிள் பாரில் இருத்திச் சாவகச்சேரிக்குக் கொண்டுபோனார். எனக்கென்று தனிக் கட்டில் செய்விக்கப் போகிறாராம். வழி முழுக்க நான் அவரோடு கதைக்கவில்லை. மரவேலை செய்யும் ஓடாவியார் என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"உந்தப் பிள்ளைக்கு நாலடி காணுமே அண்ணை, ஏன் ஆறடி?"

"பிள்ளை வளருமெல்லே" என்றார் அப்பா.

பாதிக் கோபம் அங்கேயே போய்விட்டது. அவர் என்னைத்தான் பிள்ளை என்றார். அதோடு நான் ஆறடி வளரப்போகிறேன். திரும்பி வரும்போது பாரில் முதுகை நிமிர்த்திக்கொண்டே வந்தேன்.

கட்டில் வந்தது. அதே அறையில், பெரிய கட்டிலுக்கு முட்ட அதைப் போட்டார்கள். தனியே படுத்துப் பார்த்தேன். விளையாட்டு மைதானத்தின் நடுவில் கிடப்பதுபோல் பயமாக இருந்தது. "கொஞ்சம் தள்ளிப் படு, பிள்ளை" என்றபடி அப்பா வந்து பக்கத்தில் சரிந்தார். என் கால் தானாகப் போய் அவர் வயிற்றில் ஏறிக்கொண்டது. பாவம், எனக்காக வருகிறாரே என்று தினமும் பெருந்தன்மையோடு இடம் விட்டேன். அவர்தான் முதலில் குறட்டை விடுவார்.

நான் ஐந்தடிக்கு மேல் வளரவேயில்லை. இப்போது எனக்கு இரண்டாவது பிள்ளை பிறக்கப்போகிறது. மூத்தவள் இன்னமும் எங்கள் நடுவில்தான் படுக்கிறாள். போன கிழமை என் கணவர் அப்பாவிடம், "இவளுக்கு ஒரு சின்னக் கட்டில் செய்விப்பம் எண்டு யோசிக்கிறன், மாமா. எத்தனை அடி சொல்ல?" என்று கேட்டார்.

அப்பா பேத்தியைத் திரும்பியும் பார்க்கவில்லை. மருமகனை உச்சியிலிருந்து கால்வரை ஒருமுறை அளந்தார்.

"உங்களுக்கு அஞ்சேமுக்கால் காணும்" என்றார்.