ஆளுக்கு இரண்டு டொலர்

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் நான் தொழிலாளர் பிரச்சினையோடு நாளுக்கு இரண்டு தடவை மாரடித்துக்கொண்டிருந்தேன். பகலில் நகரத்தின் சென்ட் லோரன்ட் பகுதியில், யன்னல் திரைச்சீலை தைக்கும் தொழிற்சாலையில் பெட்டி கட்டுவேன். பின்னேரம் மெத்ரோ ரயில் பிடித்து டவுன்டவுன் போய், பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற நேரத்து அமெரிக்கா: புகைபோக்கிகள், வேலைநிறுத்தங்கள், எட்டு மணி நேர வேலை கேட்டு அடிவாங்கிய சனம். வேலை செய்து களைத்துப்போய், வேலை செய்து களைத்தவர்களைப் பற்றிக் காசு கட்டிப் படிக்கிற புத்தி வேறு யாருக்கு வரும்?

அந்த நகரங்களில் பேட்டைக்கொரு அரசியல்வாதி இருந்தான். குளிருக்கு ஒரு வாளி நிலக்கரி கொடுப்பான், மகனுக்கு வேலை பிடித்துக் கொடுப்பான், செத்த வீட்டுக்கு முதல் ஆளாக வந்து நிற்பான். பதிலுக்கு வாக்கு. ஒரு வாளி கரிக்கு விலைபோன அந்தத் தொழிலாளர்களுக்குத் தங்கள் நலன் எதுவென்றே விளங்கவில்லை என்று கட்டுரை எழுதினேன். பேராசிரியர் அள்ளிப் புள்ளி போட்டார். ஒரு கிழமைக்கு என்னோடு யாரும் கதைக்க முடியவில்லை, அவ்வளவு தலைக்கனம்.

அந்த மாதம்தான் எங்கள் முதலாளி, இனி வாரத்தில் நாலு நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் வேலை என்று அறிவித்தார். நான் அரைநாள் ஆள், இரண்டு மணிக்கே போய்விடுவேன். எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் எனக்குப் பக்கத்தில் தையல் மெஷினில் இருந்த அக்காவுக்குத் தலையில் இடி. அவருடைய இரண்டு பிள்ளைகளும் கார்டெரியில் இருந்தார்கள். அந்தக் காப்பகம் ஆறு மணிக்குப் பூட்டும். புது நேரப்படி வேலை விடுவது ஐந்தரைக்கு, பஸ் முக்கால் மணி நேரம். கணவர் நாலு மணிக்கே ஒரு உணவகத்துக் குசினிக்குள் போய்விடுவார். இரண்டு தரம் பிந்தினால் பிள்ளைகளின் இடம் போய்விடும். அந்த இடத்துக்கு அக்கா ஒன்றரை வருடம் காத்திருந்தவர்.

எட்டு மணி நேரம் வேலை, எட்டு நித்திரை, எட்டு எங்கள் விருப்பத்துக்கு என்று அந்தக் காலத்தவர்கள் கேட்டார்கள் என நான் அவருக்கு வகுப்பெடுத்தேன்.

"விருப்பத்துக்கோ? அது ஆம்பிளையள் கேட்டது," என்றார் அக்கா. "அப்ப ஆர் சமைச்சது?"

சங்கம் அமைப்பதென்று முடிவானது. பிரெஞ்சு பேசும் ஒரு சங்கக்காரி வந்து விளக்க, நான் தமிழாக்கினேன். பாதிக்கு மேற்பட்டோர் உறுப்பினர் அட்டையில் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொருவரும் தன் சொந்தக் காசில் இரண்டு டொலர் கட்ட வேண்டும். சட்டம் அது. அட்டைகளைத் துணி வெட்டும் அண்ணையிடம் ஒப்படைத்துவிட்டு அவர் போனார்.

அண்ணை இருக்கிற இடத்தில் தேத்தண்ணீருக்கு வேறு யாரும் காசு கொடுத்த சரித்திரம் கிடையாது. பைக்குள் போகும் கையைப் பிடித்து முறுக்கிவிடுவார். "ரெண்டு டொலருக்குப் பொம்பிளைப் பிள்ளையள் பையைத் திறக்கிறதோ? விடுங்கோ, நான் போடுறன்." அத்தனை பேருக்கும் அவரே போட்டார். சட்டத்தைத் தமிழில் சொன்ன நானே வாயை மூடிக்கொண்டு கையெழுத்து வைத்தேன்.

பிறகு அட்டைகளைச் சரிபார்க்க அரசாங்க அதிகாரி ஒருவர் எங்களில் சிலருக்கு ஃபோன் எடுத்தார். காசு நீங்களே கட்டினீர்களா என்ற கேள்விக்கு மற்ற எல்லோரும் ஓம் என்று கூசாமல் சொல்லிவிட்டார்கள். அக்காவும்தான். நான் மட்டும், எங்கள் ஆட்கள் இரண்டு டொலருக்குக் கணக்குப் பார்ப்பதில்லை, எல்லோருக்கும் ஒருவரே கட்டினார் என்று பெருமையாக எடுத்துவிட்டேன். அவர் அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். எழுதி முடிக்கும்போதுதான் நான் உளறியது எனக்கு விளங்கியது.

சங்கத்தைப் பதியப் போட்ட விண்ணப்பம் தள்ளுபடியானது. அடுத்த திங்கள் பத்து மணி நேரம் தொடங்கியது. கரி வாளிக்காரர்களைப் பற்றி எழுதியவள் இரண்டு டொலரிலேயே மடங்கிவிட்டேன்.

"படிச்ச மூதேவி," என்றார் அக்கா. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "நாளையில இருந்து அஞ்சே முக்காலுக்கு நீ போய்ப் பிள்ளையளை எடு."

"அக்கா, எனக்கு ஆறு மணிக்கு வகுப்பு."

"ஓம், தெரியும்."

அந்தப் பனிக்காலம் முழுக்க, நகர அரசியல் வகுப்பில் நான் இருக்க வேண்டிய கதிரை காலியாக இருந்தது. நான் கார்டெரி வாசலில் இரண்டு பேருக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தேன். சின்னவன் என்னிடம் பிரெஞ்சில் மட்டும்தான் அழுவான்.

பனி கரையும்போது சங்கக்காரி புது அட்டைகளோடு வந்தார். இந்தத் தடவை தேநீர் இடைவேளையில் அக்கா மேசையில் பிஸ்கட் பேணியை வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். பழக்கதோஷத்தில் அண்ணையின் கை பைக்குப் போனது.

"அண்ணை, உங்கட ரெண்டு டொலரோட நிப்பாட்டுங்கோ."

அண்ணை ஒரு நாணயத்தைப் போட்டுவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார். ஒவ்வொருவராகப் போட்டார்கள். என் முறை வந்தது. பையைத் துழாவினேன். பஸ் பாஸ், பேனை, சின்னவனின் ஒற்றைக் கையுறை. காசு இல்லை.

சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். எங்கள் ஆட்களிடம் இப்படியொரு கஞ்சத்தனத்தை நான் அதுவரை கண்டதில்லை. ஜாக்கெட்கூடப் போடாமல் தெருமூலையிலிருந்த டெப்பனர் கடைக்கு ஓடினேன். அங்கிருந்த காசு மெஷினில் இருபது டொலர் எடுத்து, தேவையில்லாத ஒரு சூயிங்கம் வாங்கி, மாற்றிய காசோடு மூச்சிரைக்கத் திரும்பினேன். மணி அடித்துவிட்டது. ஒருவரும் தையல் மெஷினுக்குப் போகவில்லை, சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருந்தார். அக்கா பேனையை நீட்டியபடி இருந்தார்.

"ஆற்ற காசு?"

"என்ர," என்றேன். அழுகை வந்துவிட்டது.

"சரி, மூக்கைத் துடைச்சிட்டுக் கையெழுத்தைப் போடு. அஞ்சே முக்காலுக்குப் பிந்தாத."